மாதப்பன் மலைவழியில் ஒரு சொல்

என் கணவருக்கு நெஞ்சடைப்பு வந்து பிழைத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே மாதப்பனுக்கு வேண்டிக்கொண்டார். எழுந்து நடமாட விட்டால் உன் மலைக்கு நடந்தே வருகிறேன் என்று. என்னைக் கேட்டா வேண்டினார்? டாக்டரைக் கேட்டா வேண்டினார்? மாடிப்படியைக்கூட நின்று நின்று ஏறச் சொல்லியிருந்தார் டாக்டர். இவரோ ஜவளகிரியிலிருந்து காட்டுக்குள் இறங்கி, காவிரியைக் கடந்து, கர்நாடகத்து மலையை ஏறுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, வேண்டறதுதான் வேண்டுனீங்க, பஸ்ஸுல வர்றேன்னு வேண்டக் கூடாதா? சாமி வேணாம்னா சொல்லிடப் போவுது?"

"பஸ்ஸுல போறதுக்கு சாமி எதுக்குடி கல்லாவி? கண்டக்டர் போதும்" என்றார்.

கல்லாவி என் பெயர் இல்லை, என் ஊர். ஊத்தங்கரைப் பக்கம். அங்கே தமிழ்தான். கல்யாணமாகி ஜவளகிரிக்கு வந்தபோது அந்த வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசினார்கள். இவர் மட்டும் என்னிடம் தமிழ், அம்மாவிடம் கன்னடம், தக்காளி மண்டிக்காரரிடம் தெலுங்கு என்று ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுவார். என் கன்னடம் கம்பெனி வேனில் கற்றது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். வேனில் வரும் பெண்களில் பாதிப் பேர் கன்னடம். கேட்டால் எனக்குப் புரியும், பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். மாமியார் கன்னடத்தில் சொல்வார், நான் தமிழில் பதில் சொல்வேன். குடும்பம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வீடு திரும்பிய பிறகு மாமியார் வாயில் ஒரே பேச்சு. "ஹரகெ தீர்ஸ்பேகு." வேண்டுதலைத் தீர்க்க வேண்டும். சாப்பிடும்போதும் அதுதான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதுதான். தீர்க்காமல் வைத்திருந்தால் சாமி மறுபடி கை வைத்துவிடும் என்று அந்த அம்மாவுக்குப் பயம். தீர்க்கப் போனால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்த மனுஷன் காலையும் மாலையும் தோட்டத்து வரப்பில் நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

நான் சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிற மகளை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். பக்தி கிக்தி எல்லாம் ஒன்றும் இல்லை. அவரை உயிரோடு கூட்டிக்கொண்டு போய் உயிரோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை என் பையில் ஒரு பட்டை, அவர் சட்டைப் பையில் ஒரு பட்டை என்று பிரித்து வைத்தேன்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் ஊரிலிருந்து ஒரு கூட்டமாகப் புறப்பட்டோம். கொழுந்தனும் வந்தான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன். அஞ்செட்டி வரைக்கும் தார் ரோடு, வெயில். அதற்குப் பிறகு காடு. மூங்கில் முறிந்து கிடந்த இடங்களில், யானை போய் எவ்வளவு நேரம் இருக்கும் என்று ஆண்கள் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் "உகே மாதப்பா, உகே மாதப்பா" என்ற கூச்சல். நான் கூச்சல் போடவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூச்சு எப்படி வாங்குகிறார், கை நெஞ்சுக்குப் போகிறதா, ஏற்றத்தில் நிற்கிறாரா என்று பார்த்துப் பார்த்து, அந்தக் காட்டில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அழகான காடு என்று பிறகு சொன்னார்கள். இருக்கும்.

"இன்னாடி, போலீஸ் மாதிரி பின்னாடியே வர்றே? நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்றார் ஒரு முறை.

"ஓடுங்களேன் பாக்கலாம். நாலு எட்டு வெச்சா நாக்கு தள்ளுது, இதுல ஓட்டம் வேறயா?"

சுற்றி நடந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒளிப்பானேன், எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காவிரியில் இடுப்பளவு தண்ணீர். கரைக்குக் கரை கயிறு கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறை பாறையாகக் கால் வைக்கச் சொல்லிக் கூட்டிப் போனார். அவரைக் காப்பாற்ற வந்தவள் நான். அக்கரையில் ஏறியதும் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஈரக் காலோடு வெறுங்காலில் நடந்ததில் பாதம் முழுக்கக் கொப்புளம். அடுத்த நாள் ஒரு கொப்புளம் உடைந்து, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஊர்க்காரர்கள் போட்டிருந்த ஒரு பந்தலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த ஒரு அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்.

"நீ கட்டுப் போட்டுக்கினு பொழுதோட வா. நாங்க முன்னாடி போயி மலை அடிவாரத்துப் பந்தல்ல எடம் புடிக்கிறோம்" என்றார் அவர்.

"ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்."

"தம்பிதான் கூட வர்றானே. சும்மா மூஞ்சத் தூக்காத."

சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. போங்கள் என்றேன். நீலச் சட்டை, தலையில் மஞ்சள் துண்டு. திரும்பிக்கூடப் பார்க்காமல், பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி போனார். போனில் சிக்னல் இல்லாத காடு. என்ன ஆனது, எங்கே இருக்கிறார் என்று கேட்க வழியில்லை. அன்று முழுக்க உட்கார்ந்திருந்து, மறுநாள் பெண்கள் கூட்டம் ஒன்றோடு நொண்டி நொண்டி நடந்து, உச்சி வெயிலுக்கு அடிவாரத்துப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் என் வேன் கன்னடத்தில் கேட்டேன். ஜவளகிரிக்காரர், நீலச் சட்டை, மஞ்சள் துண்டு, பார்த்தீர்களா?

அவர் கரண்டியை நிறுத்தினார். "ஜவளகிரியோரா? நீலி ஷர்ட்டு? பாப, பெளிகெனே தீர்கொண்ட்ரல்லம்மா" என்றார்.

பெளிகெனே என்றால் காலையிலேயே. பாப என்றால் பாவம். அதெல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். மற்றதும் தெரிந்த சொல் என்றுதான் நினைத்தேன். எத்தனை மாதம் காதில் கேட்ட சொல்! பாவம், காலையிலேயே மலை ஏறி வேண்டுதலைத் தீர்த்துவிட்டார். என்னை விட்டுவிட்டுத் தனியாக ஏறிவிட்டாரே என்று ஒரு நொடி கோபம் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஏறிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. தீர்ந்தது. இனி இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். அந்த வருடம் முழுக்க என்னைத் தூங்கவிடாத பயம் அந்த ஒரு கணத்தில் விட்டுப்போனது.

"ஒள்ளேதாய்த்து!" என்றேன். நல்லதாகப் போயிற்று. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

பெரியவர் என்னையே பார்த்தார். "நீவு யாரம்மா?"

"ஹெண்ட்தி" என்றேன். பெண்டாட்டி. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் என்னை உட்காரவைத்து இலை போட்டார். "ஊட்ட மாடி தாயி, ஊட்ட மாடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பிடு தாயே, சாப்பிடு. குரல் ஒரு மாதிரி இருந்தது. வெயிலில் நின்று களைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கோ அகோரப் பசி. சோறு, சாறு, மறுசோறு, மோர். பாயசம் வைத்தார்கள். அவருக்குப் பாயசம் என்றால் உயிர், ஒரு டம்ளரில் எடுத்து வைக்கட்டுமா என்று பக்கத்தில் பரிமாறிய ஆளிடம் கேட்டேன். அந்த ஆள் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், உள்ளே போய்விட்டான்.

இலையை மடிக்கும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. கொழுந்தன் இறங்கினான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, முகத்தில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அத்திகே... அத்திகே..." அண்ணி, அண்ணி என்று.

"ஏய், இன்னாத்துக்குடா அழுவுற? உங்கண்ணன் தீர்ஸ்கினாராமே, சந்தோசப்படுறத வுட்டுட்டு" என்றேன்.

அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை. ஐயோ, அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. கன்னடம் எனக்குப் புரியவைக்கவில்லை.

மலைப்படி ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தாராம். மாத்திரையை எடுத்து அவரே நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஜீப்பில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் மறுசோறு கேட்டு வாங்கிய நேரத்தில், அவரை அங்கே ஒரு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து முகத்தை மூடியிருந்தார்கள்.

சொல்லின் கதை எனக்குப் பிறகுதான் விளங்கியது. வேண்டுதலைத் தீர்த்துக்கொண்டார் என்பதற்குத் தீர்ஸ்கொண்ட்ரு. தீர்கொண்ட்ரு என்றால் காலமானார். மரியாதையான சொல். எங்கள் வேனிலும் வீட்டிலும் சாவு விழுந்தால் 'ஹோக்பிட்ரு' என்பார்கள், இல்லை பட்டென்று 'சத்தோதா' என்பார்கள். அந்தப் பெரியவர் முன்பின் தெரியாத ஒரு மனுஷனுக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். அந்த மரியாதை எனக்குத் தெரியாது.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதிர்ச்சியில் புத்தி தடுமாறிச் சிரிக்கிறாள் பாவம், முதலில் அவளுக்குச் சோறு போடுவோம் என்றுதான் நினைத்தாராம். கொழுந்தனிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பேச்சு காவிரியைத் தாண்டி ஜவளகிரிக்குள் வந்தபோது அதிர்ச்சி எங்கேயோ விழுந்துவிட்டது. புருஷன் செத்தான் என்று சொன்னதும் நல்லதாப் போச்சு என்றாள், பாயசத்தோடு சாப்பிட்டாள் என்பது மட்டும் வந்து சேர்ந்தது. எழவு வீட்டில் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழ வரவில்லை. காரியம் முடிகிறவரை எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

நான் விளக்காமலா இருந்தேன்? பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். தமிழில் சொன்னால் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. கன்னடத்தில் சொல்லப் போனால் அந்த இரண்டு சொல்லையும் என் நாக்கு மறுபடி மாற்றித் தொலைத்தது. கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபத்தில் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் மோசமானது. ஒரு நாள் மகளே கேட்டாள், "நெஜமாவே உனக்குப் புரியலையாம்மா?" என்று. மெதுவாகத்தான் கேட்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

மாமியார் மட்டும் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, கொழுந்தனை வைத்துக்கொண்டு, கன்னடத்தில் கேட்டார். என் மகனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாயே, ஒரு 'ஸ்' வித்தியாசம் தெரியவில்லையா உனக்கு? தெரியவில்லை அத்தை என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம். அந்த வழியும் அடைபட்டது.

என்னை அரிப்பது ஊர்ப் பேச்சு கூட இல்லை. நான் அந்தப் பந்தலில் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். நடிப்பு இல்லை. அவருக்கு நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அது அவர் செத்துப்போன செய்தியில் வந்த சந்தோஷம். அதை நான் எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? எந்தச் சாமி அதை வாங்கிக்கொள்ளும்?

நான் இப்போது ஓசூரிலேயே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். போன மாதம் மாமியாருக்குக் கண்ணில் புரை என்று கொழுந்தன் கூட்டி வந்தான். அவனுக்கு ஷிப்ட் இருந்ததால் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்கார அம்மா ஒருத்தி மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"இப்ரு கண்டு மக்களு. தொட்டவனு தீர்கொண்ட" என்றார் மாமியார். இரண்டு ஆண் பிள்ளைகள், பெரியவன் காலமாகிவிட்டான்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியிராதவர், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "செத்துட்டான்" என்றார்.

புரிந்தது அத்தை என்று தலையாட்டினேன்.