எர்ணாவூருக்கு மகளும் மாத்திரையும் நானும்

மனநோய் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, எர்ணாவூரில் மிஷன்காரர்கள் நடத்தும் பகல் இல்லத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். நான் ஒற்றை விரலால் தட்டுகிற வேகத்துக்கு இது நாற்பது ரூபாய்க் கட்டுரை.

போன சனிக்கிழமை என் கடையைத் திறக்காமல், காலை எட்டரைக்கு நானும் மகள் செல்வியும் வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பினோம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. காதுக்குள் யாரோ திட்டுவதாகச் சொல்வாள். அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையில் அந்தக் குரல் அடங்கியது. போன வருஷம் குறி சொல்கிறவர் ஒருவர் பேச்சைக் கேட்டு, எட்டாவது படித்த மேதையான நான் மாத்திரையை நிறுத்தினேன். பன்னிரண்டாம் நாள், ஓடுகிற லாரிக்கு முன்னால் போய் நின்றவளை இழுத்துக்கொண்டு வந்தோம்.

அதனால் இந்த முறை நான் ரொம்ப உஷார். “ஜெபம் பண்றவங்க மாத்திரைய புடுங்கி வுட்டெறிஞ்சிடுவாங்க” என்று தெருவே சொன்னது. போனில் இல்லத்துக்காரர்கள், “டாக்டர் சீட்டும் மாத்திரையும் கொண்டு வாங்க, காலை மாத்திரைய நாங்களே குடுப்போம்” என்றார்கள். நான் நம்பவில்லை.

திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். டிரைவரிடம் இடத்தைச் சொன்னேன்.

“எஸ்தர் அக்கா இல்லமா? நம்ம சித்தி அங்கதான் போய்கினு கீது. சோறு ஷோக்கா கீதாம், நைனா.”

மாத்திரையைப் பற்றி அவரிடமே கேட்டிருக்கலாம். சோற்றுக்கு என்ன குழம்பு என்று கேட்டேன்.

ஒன்பதேகாலுக்குத் திருவொற்றியூர் டீக்கடையில் செல்விக்கு நானே மாத்திரையைக் கொடுத்தேன். “யார் கேட்டாலும் சொல்லாத” என்றேன். தலையாட்டினாள். அங்கிருந்து எர்ணாவூருக்கு பஸ், ஆளுக்கு மூன்று ரூபாய். மொத்தமே பத்து கிலோமீட்டர்தான், ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர ஒன்பது ஐம்பது ஆகிவிட்டது.

எஸ்தர் அக்கா திருநெல்வேலியிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். என் வயது இருக்கும். சீட்டையும் மாத்திரை அட்டையையும் வாங்கிக்கொண்டார்.

“கிறிஸ்து வேதத்துல சேரணுமாம்மா?” என்று கேட்டேன்.

“ஜெபத்துல கண்ண மூடணும்னா மூடுங்க, இல்லன்னா சும்மா உக்காருங்க. மாத்திரை மட்டுந்தான் கட்டாயம்ண்ணே.”

பத்து மணிக்குப் பதினைந்து பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. மாத்திரை எல்லோர் வயிற்றுக்குள்ளும் போன பிறகுதான் ஜெபம் தொடங்கும். முதலில் எஸ்தர் அக்கா தன் சர்க்கரை மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினார். “போய்ச்சு!” என்று அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு ஒவ்வொருத்தராக விழுங்கி நாக்கை நீட்டினார்கள்.

செல்வி முறை வந்தது. உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர். என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று சொன்னவனே நான்தானே? சொல்லாமல் வாய்க்குக் கொண்டுபோனாள்.

“வேணாம்மா! நிறுத்து! நான் டீக்கடையிலயே குட்த்துட்டேன்!”

மூலையிலிருந்த ஒரு பாட்டியம்மா, “மாமு மாட்டிக்கினான்டி!” என்றார். பாய் முழுக்கச் சிரிப்பு.

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. செல்வி கையிலிருந்த மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதினார். “ரெண்டு வேளைக்கு உள்ளத ஒண்ணா முழுங்கியிருந்தா பிள்ளை சுருண்டு விழுந்திருக்கும்லா. இப்பவாவது வாயத் தொறந்தீங்களே. எங்க மேல நம்பிக்கை இல்லன்னா கேட்டிருக்கலாம்லாண்ணே?”

“கேக்கலாம்னுதான்...” என்று இழுத்தேன். செல்வி நாக்கை நீட்டிக் காட்டினாள். “போய்ச்சு!” என்று எல்லோரும் கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஜெபம். நான் கண்ணை மூடவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டேன்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், நாலு மணிக்கு வந்து அழைத்துக்கொள்ளலாம். டாக்டர் சீட்டை மறக்காதீர்கள். என்ன மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சாமி உங்கள் சாமியாகவே இருக்கட்டும், அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, விட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுங்கள். நான் பதினொன்றரை வரை வாசல் கேட் அருகே நின்றேன். உள்ளே பூக் கட்ட உட்கார்ந்திருந்த செல்வி, கையில் பாதி கட்டிய மல்லிச்சரத்தோடு வெளியே வந்தாள்.

“இன்னும் இன்னாத்துக்கு நைனா நின்னுகினு கீற? போ, கடையத் தொற.”

நோய் வந்த பிறகு அவள் என்னை முதல்முறையாக விரட்டியது அன்றைக்குத்தான். நான் போனேன்.