திங்கட்கிழமைக் குளிசை

நான் அதிகம் கதைக்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் சித்தப்பா தன் இரகசியத்தை என்னிடம் விட்டுவைத்தார்.

அவருடைய நெஞ்சிலும் முதுகிலும் மீன் செதில்போல வெள்ளையாக உதிரும் படை இருந்தது. கடலுக்குப் போகும்போதும் முழுக்கைச் சேட்டுத்தான். எங்கள் ஊரான சல்லியில் அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டே போகவேண்டும். ஆகவே அவர் பல வருடங்களாக வெளியில் நின்றே கும்பிட்டார். ஒட்டாத நோய் என்று டொக்டர் சொன்னதை ஊர் நம்பவில்லை. நானும் அவர் குடித்த கோப்பையில் குடித்ததில்லை.

எழுபதுகளில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, திருகோணமலையில் ஒரு புது மருந்து கொடுத்தார்கள். சின்ன மஞ்சள் குளிசை. திங்கட்கிழமைகளில் மட்டும் போடவேண்டும். இரண்டு மாதத்தில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. முதுகில் மட்டும் மிச்சமிருந்தது.

கோயில் கொடியேறிய மறுநாள், அது ஒரு புதன்கிழமை, அவர் குளிசை விழுங்குவதைக் கண்டேன்.

"கொம்மாட்ட மூச்சு விடாத," என்றார் சிரித்துக்கொண்டு. "கிழமைக்கு ஒண்டு இவ்வளவு செய்யுதெண்டால், நாளுக்கு ஒண்டு என்ன செய்யும், பார். தீர்த்தத் திருவிழாவண்டு சேட்டில்லாமல் கோயிலுக்குள்ள போவன். என்ர முதுகுக்குக் கண்படாமல் நீதான் நாவூறு கழிக்கவேணும்."

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. வாய் முழுதும் புண். அம்மை நோயாக அம்மாள் வந்திருக்கிறா என்று அம்மா வாசலில் வேப்பிலை கட்டினார். அம்மாள் வந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. சித்தப்பாவுக்கோ வாய் திறக்க ஏலாது. இரண்டு நாள் நானும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலையணையில் இரத்தம் கண்டு, குளிசைப் போத்தலை எடுத்துப்போய் அம்மாவின் கையில் வைத்தேன்.

"ஒவ்வொரு நாளும் போட்டவர்."

அம்மா சாமிப்படத்தின் முன்னே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே வேப்பிலையை அவிழ்த்துவிட்டு, கார் பிடிக்க ஓடினார்.

டொக்டர் போத்தலைப் பார்த்ததும் கோபப்பட்டார். "இது புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்தம்மா. வேகமாப் பெருகிறதைத் தடுக்கும். இவருக்குத் தோல் அப்படிப் பெருகிறபடியால் கிழமைக்கு ஒருக்காத் தந்தது. நாளாந்தம் போட்டால் வாயில தோல் வளராது, இரத்தமும் ஊறாது. நஞ்சுதான்."

ஊசிகள் போட்டார்கள். ஐந்தாறு நாளில் சித்தப்பா கஞ்சி குடித்தார். திருவிழா முடிந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மூதூர்ப் பையன் ஒருவன் இருந்தான். என் வயதுதான், தலையில் மயிரில்லை. இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். ஒருநாள் அவனுடைய தாய் அதே மஞ்சள் குளிசையை அவன் வாயருகே கொண்டுபோனதைக் கண்டேன். பேசினால் உயிர் பிழைக்கும் என்று அப்போதுதான் கற்றிருந்தேன்.

"அது நஞ்சு, விழுங்காத!" என்று கத்தினேன்.

பையன் தாயைப் பார்த்தான். அவர் குளிசையை அவன் நாக்கில் வைத்தார்.

"நீங்க விழுங்குங்க மகன்," என்றார் அவர்.

அவன் விழுங்கினான். அவர் முக்காட்டு நுனியால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே இருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குப் பெரிய கோபம். அது நஞ்சென்று தெரிந்துகொண்டே அவர் ஒவ்வொரு தடவையும் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.