சப்பாத்துப் போட்டவரிடம் கேட்க வேண்டியது

நாங்கள் வந்து குடியேறிய குளிர்நாட்டின் தலைநகர் ஓரத்தில், ஸ்டோவ்னரில், குடியை விட்டு வருகிறவர்கள் சில மாதம் தங்கும் வீடொன்றில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் பணியாளர்களைப் பழக்கி எடுப்பது என் பொறுப்பு. வீட்டின் தலைவி வடக்கிலிருந்து வந்த சாமி இனப் பெண். சாமி மக்கள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். அந்தப் பெயரைக் கேட்டு எங்கள் தமிழ் ஆட்கள் பகிடி விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைவி எனக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். "இங்கே வரும் என் சனத்தைக் கேள்வி கேட்டுக் குடையாதே. பக்கத்தில் இருந்து கோப்பி குடி. யாராவது சப்பாத்தைப் போட்டால் மட்டும் கேள், எங்கே போகிறாய் என்று." கேட்டவுடன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அழுதவர்களை நானே கண்டிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும் இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன்.

போன மாரியில் எங்களிடம் ஒரு சாமி மனிதர் இருந்தார். வடக்கே, பாட்ஸ்பியோர்ட் என்ற கடலோர ஊரில் என் அம்மா மீன் வெட்டிய தொழிற்சாலையில் அவரும் வேலை செய்தவர். தமிழ்ப் பெண்கள் இடைவேளையில் மிளகாய்ப் பொரியலைக் கொடுத்துத் தன்னை அழவைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரை நல்ல விருப்பம். குடியை விட்டவர்களே மற்றவர்களுக்குத் துணையாக நிற்கும் வேலைக்கு ஒரு பயிற்சி உண்டு. திங்கட்கிழமை அதில் அவர் சேர இருந்தார். அதுவரை ஒரு துளியும் தொடக்கூடாது என்பது பயிற்சிக்குப் பணம் தரும் அரச கந்தோரின் விதி.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய தம்பி இறந்துபோன செய்தி தொலைபேசியில் வந்தது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அங்கே கடமையில் இருந்தவர் நான் பழக்கிய மட்டக்களப்பு அண்ணை ஒருவர். தங்கமான மனிதர். ஜாக்கெட்டைப் பிடித்து மாட்டிவிட்டு, கதவையும் திறந்துவிட்டார்.

பின்னேரம் அவரைத் தொடருந்து நிலையத்தில் நிறைவெறியில் கண்டெடுத்தார்கள். தலைவி போய் அவருக்குப் பக்கத்தில் கோப்பியோடு இருந்தார். கடைசியில் அவரே சொன்னாராம்: "கனநேரம் கதவடியில் நின்றேன். கேட்பார் என்று பார்த்தேன்."

ஞாயிறு முழுக்கக் கந்தோர்க்காரரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டினேன். கெஞ்சினேன், கத்தினேன். விதி விதிதான் என்றார்கள். திங்கட்கிழமை பயிற்சியில் அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார்.

அன்று பின்னேரம் அண்ணையைக் கூப்பிட்டேன். "எத்தினை தரம் சொன்னனான் அண்ணை! ஏன் கேக்கேல்லை?"

அவர் தலை நிமிரவில்லை. "வெளிக்கிட்டு நிக்கிற மனிசனை எங்க போறாய் எண்டு எப்படித் தங்கச்சி கேக்கிற? போற காரியம் விளங்குமா?"

கொட்ட வைத்திருந்த கோபம் அத்தனையும் இறங்கிவிட்டது. வேலைக்கு வெளிக்கிடும் அம்மாவை அப்படிக் கேட்டு நான் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன். கேட்டுவிட்டால் அம்மா சப்பாத்தைக் கழற்றி, இருந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி வெளிக்கிடுவார். அண்ணை கேட்டிருந்தால் இங்கேயும் அப்படித்தான் சப்பாத்துக் கழன்றிருக்கும். இவ்வளவு பயிற்சி கொடுத்த எனக்கு, எங்கள் ஆட்களின் நாக்கு இந்த இடத்தில்தான் கட்டுப்படும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அண்ணை எழும்பினார். வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. ஜாக்கெட்டைப் போட்டார், குனிந்து சப்பாத்தைக் கட்டினார், கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றார். கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.