கதாநாயகிக்கும் ஒரு வயிறு உண்டு

அவள் தொழிலை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் பெண்கள் சங்கத்தில் முகம் சுளிப்பார்களே என்று, பதினேழு வருஷமாக "சவுண்டு டிபார்ட்மென்ட்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தாள். சினிமாவில் ஆள் நடந்தால் காலடி, கதவு திறந்தால் கிறீச்சென்ற ஓசை, எல்லாவற்றையும் ஒலிப்பதிவு அறையில் திரையைப் பார்த்தபடி மறுபடி செய்து சேர்க்கிற வேலை. அதிலும் மட்டமான காமெடிப் படம் என்றால் அவளை விட்டால் ஆளில்லை. காரணத்தை மூடி மறைப்பானேன்? குசு. அந்தச் சத்தத்தில் அவள் கைதேர்ந்தவள்.

குண்டு முதலாளிக்குப் பாதி காலியான சாஸ் பாட்டிலை அமுக்குவாள். ஒல்லி வக்கீலுக்குப் பலூன் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விடுவாள். வேலைக்காகத்தான் இந்தக் கண்றாவியெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். லீவு நாளிலும் இந்த மாதிரிப் படங்களைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பாள். எவனுக்காவது கால்சட்டை கிழிந்தால் போதும், அவளுக்கு முதலில் மூக்கிலிருந்து ஒரு உறுமல் வரும், பிறகுதான் வாய் திறக்கும்.

அதே ஆள்தான் சங்கத்துக்குச் செயலாளர். தையல் ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறைக் கதவு போடச் சொல்லி வாசலில் நாலு நாள் உட்கார்ந்தவள். படத்தில் கணவன் மனைவியை அறைவதைச் சிரிப்புக்காக வைத்திருந்தால் அவள் சிரிக்க மாட்டாள். 'டொய்ங்' என்று வேடிக்கைச் சத்தமும் போட மாட்டாள். நிஜமாக எப்படிக் கேட்குமோ அப்படியே போட்டுவிடுவாள். அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, இது காமெடி சீன்க்கா. சிரிப்பு வரலியே!" என்று, அப்படி ஒரு அறை இருந்த புதுப் படத்தின் டைரக்டர் தலையில் கை வைத்தான்.

"வராது தம்பி. அடி அப்படித்தான் இருக்கும்."

அதோடு விட்டாளா? "படத்துல ஆம்பளைங்க மட்டும் பதினோரு குசு விடுறாங்க. கதாநாயகிக்கு ஒண்ணுகூட இல்ல. அவளுக்கு வயிறு இல்லியா?"

"கதாநாயகி பூ மாதிரிக்கா!"

"பூவா? போன சீன்ல ரெண்டு தட்டு காலி பண்ணாளே!"

அவன் மசியவில்லை. அவளும் விடவில்லை. கதாநாயகி வேலைக்கான நேர்முகத் தேர்வில், நாலு அதிகாரிகளுக்கு எதிரே, பயந்துகொண்டே உட்காருகிற காட்சி. வெந்நீர்ப் பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்னதாக, மரியாதையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்றைப் பதிவு செய்து, 'நாற்காலி' என்று பெயர் எழுதிச் சேர்த்துவிட்டாள். டைரக்டர் கேட்டுவிட்டு, "நாற்காலி நல்லா இருக்குக்கா" என்று பாராட்டிவிட்டுப் போனான்.

படம் வந்தது. வந்ததும் வினையும் வந்தது. பெண்ணைக் கேலிப்பொருளாக்கிய அதன் போஸ்டரைச் சங்கத் தலைவி பார்த்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாருக்கும் டீச்சர். அவர் எதிரே வந்தால் வளர்ந்த ஆண்பிள்ளைகூடச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

"சும்மா கத்தக் கூடாது. எல்லாரும் போய்ப் பாக்குறோம். பொம்பளைங்களை எங்கெங்க கேவலப்படுத்தியிருக்காங்கன்னு நோட்டுல எழுதுறோம். அப்புறம் மனு" என்றார் டீச்சர்.

அவள் செயலாளர்; வர மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஒரே ஒரு பெட்டியோடு கணவன் வீட்டை விட்டு வந்தபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் வீடு பார்த்துக் கொடுத்தவர் டீச்சர். உற்றார் உறவு என்று அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தச் சங்கம்தான். தான் செய்வது இதைத்தான் என்றும், செய்வதோடு விழுந்து விழுந்து சிரிப்பதும் உண்டு என்றும் தெரிந்தால், அத்தனையும் போச்சு.

சனிக்கிழமை மதியக் காட்சி. பதினோரு பெண்கள், பதினோரு நோட்டு. டீச்சருக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு. முதலாளியின் சாஸ் பாட்டில் பேசியபோது கைக்குட்டையைக் கடித்தாள். வக்கீலின் பலூனுக்குத் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். டீச்சர் எழுதிக்கொண்டே இருந்தார்.

திரையில் மனைவிக்கு அறை விழுந்தது. அரங்கமே அடங்கிப்போனது. பின்னால் யாரோ "ச்சே" என்றார்கள். டீச்சர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு கதாநாயகி நேர்முகத் தேர்வுக்குப் போனாள். உட்கார்ந்தாள். வெந்நீர்ப் பை தன் கடமையைச் செய்தது.

ஒரு கணம் மூச்சுச் சத்தம் இல்லை. அடுத்த கணம் பெண்கள் இருந்த வரிசையெல்லாம் வெடித்தது. அவள் மூக்கிலிருந்து உறுமல் கிளம்பிவிட்டது. அடக்க முடியவில்லை. ஐயோ, தொலைந்தோம் என்று திரும்பிப் பார்த்தால், டீச்சர் முன் இருக்கையில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்குகிறார். நோட்டு தரையில் கிடக்கிறது, மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்குகிறது.

இடைவேளையில் டீ கவுண்டர் பக்கம் நின்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷம் வகுப்புல பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்மா. நமக்கும் வயிறு இருக்குன்னு ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கே! எவன் பண்ணான் அதை?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஒன்றையுமா எவனோ ஒருத்தன் கணக்கில் எழுதுவது? அவளுக்குச் சுருக்கென்றது.

"எவனும் இல்ல டீச்சர். நான்தான் பண்ணேன்."

டீச்சர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "இங்கயா, படத்துலயா?"

"படத்துலதான் டீச்சர்!" என்று பதறி, வெந்நீர்ப் பை, சாஸ் பாட்டில், பதினேழு வருஷம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"அந்த அறை?"

"அதுவும் நான்தான்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்து எல்லாரும் உள்ளே போன பிறகும் விடவில்லை.

திங்கட்கிழமை சங்க அறையில் மனு தயாரானது. ஒன்பது கண்டனங்கள், எல்லாம் நியாயமானவை. செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போடக் குனிந்தவள், அடியில் டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்தில் பத்தாவதாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள்: 'கதாநாயகிக்கு ஒன்று போதாது.'

பத்துப் பெண்களுக்கு முன்னால், மூக்கிலிருந்து உறுமல் கிளம்ப, கைக்குட்டையைத் தேடாமலே கையெழுத்துப் போட்டாள்.