நான் தப்பாக அடித்த துக்க மணி

எங்கள் ஊர் மாதா கோயிலில் மணி அடித்தவரை எல்லாரும் கோயில்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மாமா முறை, அடுத்த வீடு. மூன்று வேளையும் மணி அடிப்பார். சாவு விழுந்தால் துக்க மணி. அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஆண் என்றால் மூன்று மூன்றாக, பெண் என்றால் இரண்டு இரண்டாக. திராட்சைக் கொடிக்கு மருந்தடிப்பவன்கூட நின்று எண்ணிவிட்டு, "யாரோ பொம்பள போயிட்டாகப்பா" என்பான். அந்தக் கணக்கு தெரியாதவன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான். படித்தவன் இல்லையா!

போன வருடம் அவர் மனைவி, எங்கள் அத்தை, காலையில் காபி போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாமாவே அப்போதுதான் தேனி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்திருந்தார். கையைத் தூக்க முடியவில்லை.

"மாப்ளே, நீ போயி அடிச்சிரு. ஊருக்கெல்லாம் அடிச்சிருக்கேன். அவ மணியில்லாமப் போயிரக் கூடாது" என்றார்.

எத்தனை அடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குச் சொல்வார்? நானும் கேட்கவில்லை. வேகமாகப் போனேன். கயிறு நைந்து கிடந்தது. மாற்றச் சொல்லி ஊர்ச் சங்கத்தாரிடம் அவர் ரெண்டு வருடமாகக் கேட்டும் ஒருத்தரும் அசையவில்லை. கை அறுபடாமலிருக்க அத்தையின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தார். என் அப்பா செத்தபோது அடித்தது மட்டும்தான் எனக்குக் காதில் இருந்தது. அதையே அடித்தேன். மூன்று, நிறுத்தி, மறுபடி மூன்று. நன்றாக அடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. த்தூ!

ஒருவரும் எங்களுக்குப் போன் போட்டு யார் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த மனுசன், மணியோ மூன்று மூன்றாக அடிக்கிறது, வேறென்ன வேண்டும்? ரெண்டு மணி நேரத்தில் சங்கத்தார் ஆளுயர மாலையோடு வந்து இறங்கினார்கள். பின்னால் நாலு பேர் ஒரு பிளக்ஸைத் தூக்கி வந்தார்கள். உத்தமபாளையத்தில் அதற்குள் அடித்து வாங்கியாகிவிட்டது. 'எங்கள் ஊரின் மணியோசை ஓய்ந்தது' என்று கொட்டை எழுத்து. மூலையில் தீப்பெட்டி அளவுக்கு மாமா படம். மிச்ச இடமெல்லாம் சங்கத்து ஆட்கள், அதில் ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். கருமம்!

வாசலில் மாமா உயிரோடு உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் அப்படியே நின்றுவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது சலிப்பு.

"என்னப்பா, ஆளு இருக்காகல்ல? ஏலே, அத மடிக்காமச் சுருட்டி வையி. எப்பிடியும் தேவப்படும்ல."

மாமாவின் காதில் விழும்படியேதான் சொன்னார். ரெண்டு பேர் சிரித்தார்கள். கொண்டுவந்த மாலை வீணாகக் கூடாதே என்று அத்தை மேல் போட்டார்கள். போட்டவன் அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாமா என்னைத்தான் பார்த்தார். அழுகையில் மணியை அவர் எண்ணியிருக்கவில்லை. "மூணு மூணாவா அடிச்ச?"

தலையாட்டினேன்.

"அப்ப அவளுக்கு இன்னும் அடிக்கலையே மாப்ளே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தலைவர் மறித்தார். "இருங்க கோயில்பிள்ள. ஒரு சாவுக்கு ரெண்டு தடவ அடிச்சா ஊரு குழம்பிரும். இப்பவே பக்கத்து ஊரு தேவாரத்துல இருந்தெல்லாம் போனு வருது. அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். வீட்டுக்குள்ள இருந்த பொம்பளைக்கு மணி அடிச்சாத்தான் என்ன, அடிக்காட்டித்தான் என்ன?"

அந்த வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம், "தப்பு என்னுது, நானே போயி மறுபடி அடிக்கிறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். எத்தனை நேரம் ஆகியிருக்கும் அதைச் சொல்ல? அத்தனை பேர் முன்னால் கணக்குத் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். சங்கத்தாரை நினைத்தால் குமட்டுகிறது என்றால், என்னை நினைத்தால் அதற்கு மேல் குமட்டுகிறது.

மாமா சத்தம் போடவில்லை.

"எனக்குத்தான் அடிச்சாச்சுல்ல தலைவரே? நான் போறப்ப அடிக்க வேணாம். என் மணிய இப்ப அவளுக்கு விடுங்க."

தலைவர் வழிவிட்டார். மாமா கோயில்வரை சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டே போனார். துணைக்கு நான் பின்னால் போனேன். கையை நீட்டினேன், அவர் பிடிக்கவில்லை. கயிற்றில் தொங்குகிற மாதிரி மொத்த உடம்பையும் கொடுத்து இழுத்தார். இரண்டு. நிறுத்தி, மறுபடி இரண்டு.

அதற்கப்புறம்தான், போனது அத்தை என்று விசாரித்துத் தெரிந்து, தோட்டங்களிலிருந்து பெண்கள், "ஆத்தா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று அழுதுகொண்டு அத்தையைப் பார்க்க வந்தார்கள்.