அம்மாவின் வெந்நீர்த் தொட்டி

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் போன வருஷம் ஒரு பெரிய பார்சல் அனுப்பினார். பிரித்தால் ரப்பர் படகு போல மடித்த ஒரு பொருள். காற்றடித்தால் நான்கு பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டியாக நிற்கும். கூடவே வந்த மோட்டார் தண்ணீரைச் சூடாக்கும், குமிழி விடும். அம்மாவின் இடுப்பு வலிக்காக அண்ணன் வாங்கியது.

எங்கள் ஊர் சாயல்குடிக்குப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மிளகாய்க் காட்டில் குனிந்தே வேலை பார்த்தவர் அம்மா. வீட்டில் அவரும் நானும்தான். நான் பள்ளிக்கூட டீச்சர்.

"குடிதண்ணிக்கே லாரியப் பாத்துக் கெடக்கோம். இதுல இது வேறயா?" என்றார் அம்மா. ஒரு முறை நிரப்பினால் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். எலக்ட்ரீசியன் புதிதாக எர்த் இறக்கி, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சையும் மாட்டினார். "தண்ணியும் கரண்டும் பக்கத்துல இருக்கு டீச்சர், இதுல அசட்டையா இருக்கக் கூடாது" என்றார்.

முதல் நாள் நைட்டியோடு இறங்கிய அம்மா மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கழுத்து வரைக்கும் தண்ணியில நான் உக்காந்ததே இல்லத்தா. ராமேஸ்வரத்துலகூட மூணு முங்கு முங்கிட்டு ஏறிட்டேன்" என்றார். ஒன்றரை வாளித் தண்ணீரில் அவசரமாகக் குளித்தே வயதானவர் அவர் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "இன்னும் கொஞ்சம் சூடு வையி" என்றார். உச்ச அளவான நாற்பது டிகிரிக்கு ஏற்றினேன். அப்போது தலைமையாசிரியை போன் செய்தார். சிக்னலுக்காக வாசலுக்குப் போனவள் பேசிக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஒரு காலை வெளியே போட்டபடி தொட்டி விளிம்பில் கவிழ்ந்து கிடந்தார். முகம் சிவந்திருந்தது. கண் திறந்திருந்தும் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. உள்பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க முடிவதில்லை. இழுத்துத் தரையில் படுக்க வைத்து, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கால்களைத் தூக்கி வைத்தேன். சற்று நேரத்தில், "ஏன்டி என்னயத் தரையில போட்டு வச்சிருக்க?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா திட்டவில்லை. "பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. சூட்டுல ரத்தக் குழாய் விரியும். எழுந்திருக்கும்போது பிரஷர் சட்டுனு இறங்கிடும். முப்பத்தேழு டிகிரி போதும், கால் மணி நேரத்துக்கு மேல வேணாம். யாராவது கூடவே இருக்கணும்" என்றார். தொட்டியோடு வந்த புத்தகத்திலும் எச்சரிக்கை இருந்தது. காற்றடிப்பது எப்படி என்ற பக்கத்தோடு நான் நிறுத்தியிருந்தேன்.

"காத்தப் பிடுங்கி மடிச்சு வச்சிரு" என்றார் அண்ணன் போனில். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மூன்றாம் நாள் நான் மோட்டாரைக் கழற்றப் போனபோது அம்மா வந்து நின்றார்.

"மொளகாக் காட்டுல பாம்பு கெடக்கும். அங்கன போகாதன்னு யாராச்சும் சொன்னீகளா? எனக்குன்னு நான் ஆசப்பட்டு உக்காந்த எடம் இது ஒண்ணுதான்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

இப்போது சூடு முப்பத்தேழைத் தாண்டுவதில்லை. அவர் உள்ளே இருக்கும் கால் மணி நேரமும் பக்கத்தில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துகிறேன். போன் வீட்டுக்குள் கிடக்கும். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து மெதுவாக எழுந்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் வந்து போகிற வீடு என்பதால் மூடியைப் பூட்டிவிடுகிறோம். இடுப்பு வலி தீர்ந்துவிடவில்லை. ஆனால் தொட்டியில் உட்கார்ந்த நாட்களில் நன்றாகத் தூங்குகிறார்.

போன வாரம், அம்மாவோடு காட்டு வேலை பார்த்த அத்தை ஒருவர் தானும் இறங்கிப் பார்க்கிறேன் என்றார். மூடியைத் திறக்காமலே அம்மா கேட்டார்:

"பிரஷர் மாத்திர சாப்பிடுறியா?"

"ஆமா."

"அப்ப டாக்டரக் கேட்டுட்டு வா."

அத்தை முகத்தைக் கோணிக்கொண்டு போனார். இரண்டு நாளில் டாக்டர் சம்மதத்தோடு திரும்பி வந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தக் காலத்திலோ வரப்பில் போட்ட சண்டை ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.