பாதிக் கதை பலெர்மோவில்

இத்தாலியின் பலெர்மோவில், சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பிள்ளைகள் கைத்தொலைபேசியை நடுவில் வைத்துக் கதைக்கிறார்கள். ஒருத்தி என் மகள் துர்க்கா. பலெர்மோவில் பிறந்தவள், வயது பதின்மூன்று. மற்றவள் என் அண்ணனின் மகள் மதுரா. பாரிசில் பிறந்தவள், இவளைவிட ஐந்து மாதம் மூப்பு. மதுரா பிரெஞ்சில் சொல்ல, தொலைபேசிக்குள் இருக்கிற ஒரு பெண்குரல் அதை இத்தாலியனில் துர்க்காவுக்குச் சொல்கிறது. "தண்ணி வேணுமோ" என்று கேட்பதற்கு இவ்வளவு கூத்து! குசினிக்குள் நின்ற நான் அகப்பையைத் தொப்பென்று போட்டேன். மச்சாளும் மச்சாளும் கதைக்க ஒரு மெசினா?

இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாமலில்லை. மதுராவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வீட்டில் கதைப்பாள். துர்க்கா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நன்றாக வாசிப்பாள். விடுமுறைக்குப் பாரிசிலிருந்து வந்த அன்றே மதுரா "எனக்குப் பசிக்குது" என்று சொன்ன விதத்தைக் கேட்டுத் துர்க்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், அந்தப் பெட்டை வாயை மூடிக்கொண்டாள். துர்க்கா கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிற பலெர்மோத் தமிழை மதுரா ஒரு பார்வை பார்த்தாள், இவளும் மூடிக்கொண்டாள். மூன்று கிழமை விடுமுறையில் ஒரு கிழமை இப்படியே போனது. "என்ன பிள்ளை, பெட்டையள் கதைக்கினமோ?" என்று அண்ணன் போனில் கேட்டார். "ஓம் ஓம், வாய் ஓயேல்லை" என்று புளுகிவிட்டேன். எங்களுக்கு வேறு சகோதரம் இல்லை. நாங்கள் இருக்கும்வரை இப்படிப் போன் எடுத்துக்கொள்வோம். பிறகு? கலியாணவீட்டுப் படத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு அந்நியர்களாக இதுகள் ஆகிவிடும் என்று நினைக்க, உள்ளதைச் சொன்னால், எனக்கு அழுகையே வந்தது.

இரண்டாம் கிழமை, மெத்தை விரிப்பு எடுக்க அலுமாரியின் மேலிருந்த பழைய சூட்கேசை இறக்கினேன். அடியில் அந்த ஏழு புத்தகங்கள். அமெரிக்காவில் வந்த மாயசக்தி வீரர்களின் படக்கதைகளைப் பிரெஞ்சில் திரும்ப அச்சடித்து மாதாமாதம் விட்ட சஞ்சிகைகள். அட்டை மட்டும் வண்ணம், உள்ளே மட்டமான தாளில் கறுப்பு வெள்ளை.

நானும் அண்ணனும் பாரிசில் ஓரறையில் இருந்து அகதி வழக்குக்குக் காத்திருந்த காலம் அது. அண்ணன் துப்புரவு செய்த கட்டிடத்தின் நிலவறையில் கிடந்த பதினான்கு சஞ்சிகைகளை எறியப் போனார்கள். அண்ணன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் அதுதான். அகராதியைப் பார்த்து ஒவ்வொரு பேச்சுக்குக் கீழேயும் அண்ணன் பென்சிலால் தமிழ் எழுதுவார். பிள்ளைகளுக்கு அடிதடி கூடாதென்று, குத்து விழுகிற இடத்துச் சத்த எழுத்துகளை அழித்துவிட்டு அச்சடித்திருந்தார்கள். வீரனின் கை நீண்டிருக்கும், எதிரி பறந்துகொண்டிருப்பான், நடுவில் வெறும் வெள்ளை. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளை கண்ட இடமெல்லாம் "டமார்", "ஐயோ அம்மா" என்று நிரப்பிவிட்டார். அந்தப் பிரெஞ்சில் எதிரிகளும் ஆளுக்காள் மரியாதை கொடுத்துத்தான் ஏசுவார்கள். நானும் அப்படியே படித்தேன். அகதி அலுவலகத்தில் என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று "ம வுவாசி!" என்றேன். "இதோ வந்துவிட்டேன்" என்று வீரன் கூரையிலிருந்து குதிக்கும்போது சொல்வது அது. அங்கிருந்த அம்மணி பேனையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அண்ணனின் வழக்கு வென்றது, என்னுடையது தோற்றது. பலெர்மோவில் ஓர் இத்தாலிய அம்மாவின், சின்னோராவின், வீட்டில் வேலை இருக்கிறது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் கிடைக்கும் என்று ஊர்க்காரி ஒருத்தி சொன்னதை நம்பி ரயிலேறினேன். ஸ்டேஷனில் அண்ணன் புத்தகங்களைப் பிரித்தார். மாம்பழம் பங்கு போடுவதுபோல "உனக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு" என்று அடுக்கிய வரிசையிலேயே மாற்றி மாற்றி வைத்தார். அந்தச் சஞ்சிகைகள் ஒரு கதையை இரண்டாக வெட்டி, முன்பாதியை இந்த மாதமும் பின்பாதியை அடுத்த மாதமும் போடுபவை. ரயில் புறப்பட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தொடக்கமெல்லாம் என்னிடம், முடிவெல்லாம் அவரிடம். அட விசர் அண்ணா! சிரித்தேன், பிறகு எல்லை தாண்டும்வரை அழுதேன். அதன்பின் வேலை, பெர்மெஸ்ஸோ, பிள்ளை என்று ஓடியதில் முடிவைக் கேட்க நேரமே வரவில்லை.

அந்த ஏழு புத்தகத்தையும் சோபாவில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். முதலில் மதுரா பிரெஞ்சை முணுமுணுத்து வாசிக்கிற சத்தம். பிறகு துர்க்காவின் குரல்.

"இஞ்சை தமிழில எழுதியிருக்கு."

"அது அப்பான்ர எழுத்து! எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன கிடக்கு?"

துர்க்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "அயோக்கியரே, தயவுசெய்து நில்லுங்கோ. உங்களை நான் கொல்லப் போறன்."

இரண்டும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தன. இந்தமுறை ஆளை ஆள் பார்த்தல்ல, அண்ணனைப் பார்த்து. "அப்பா பிழையா எழுதியிருக்கிறார், அது கொல்லுறதில்லை, பிடிக்கிறது" என்று மதுரா திருத்தினாள். "கொல்லுறதுதான் நல்லாயிருக்கு" என்றாள் இவள். தொலைபேசி குஷனுக்குக் கீழே போய்விட்டது. மத்தியானம் ஒருத்தி வீரன், ஒருத்தி எதிரி. "டமார்!" என்ற சத்தத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு சின்னோரா பீனா.

"கே சுச்சேதே? என்ன நடக்கிறது? சண்டையா?"

"இல்லை சின்னோரா, வாசிக்கிறார்கள்," என்றேன் இத்தாலியனில்.

அவர் நம்பவில்லை. "பாவங்கள், பிள்ளைகள்" என்று தலையாட்டிக்கொண்டு போய், சமாதானம் செய்யச் சூடான அரஞ்சினே, பொரித்த சோற்றுருண்டை, நாலு கொண்டுவந்து தந்தார். சண்டைக்காரிகள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டார்கள்.

போவதற்கு முதல்நாள் கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். பாலம் உடைந்துவிட்டது. அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து இழுத்தபடி வீரன் நடுவில் தொங்குகிறான். கீழே, மற்ற ஆறு புத்தகத்திலும் போலவே, "தொடரும்".

"பிறகு?" என்றாள் துர்க்கா.

"மற்றதெல்லாம் எங்கட வீட்டை இருக்கு. அப்பான்ர அலுமாரியில."

"அண்ணாட்டைச் சொல்லிப் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டோ?" என்று நான் கேட்டேன்.

"வேண்டாம்!" இரண்டும் ஒரே குரலில்.

"மச்சாள் டிசம்பர் நத்தார் லீவுக்கு வரட்டும் மாமி. அங்கை சேர்ந்து வாசிப்பம்," என்றாள் மதுரா.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "அப்ப இந்த ஏழையும் கொண்டு போங்கோ. பதினாலும் ஓரிடத்தில சேரட்டும்."

துர்க்கா புத்தகங்களை மடியோடு அணைத்துக்கொண்டாள். "இல்லை அம்மா, இது இஞ்சையே இருக்கட்டும். எல்லாத்தையும் குடுத்தா மச்சாள் ஏன் திரும்பி வரப்போறா?"

மறுநாள் அண்ணன் போனில், பெட்டையள் கதைக்கினமோ என்ற அதே கேள்வியைக் கேட்டார். புளுகத் தேவையிருக்கவில்லை. சூட்கேசை மட்டும் நான் திரும்ப மேலே ஏற்றவில்லை. ஏழு புத்தகங்களும் சோபாவுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன. உடைந்த பாலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அவன் இங்கே பலெர்மோவில் தொங்குகிறான், அவனுடைய அடுத்த பக்கம் பாரிசில் இருக்கிறது.